வெந்நீரில் சுருங்கிய தாத்தா!

வாஷிங் மெஷினுக்குள் போனபோது அது ஆறடி உயரத் தாத்தாவின் ஸ்வெட்டர். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது எல்.கே.ஜி. பையனின் ஸ்வெட்டர்!

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் என் நண்பர் வீட்டில் நடந்த சமாச்சாரம் இது. நண்பருக்கு வயது இருபத்தெட்டு. தனியார் ஆபீஸில் உத்தியோகம். மறைந்த தாத்தாவின் ஸ்வெட்டரைப் பளிச்சென்று துவைத்து, ஆயாவுக்கு ஓர் இன்ப அதிர்ச்சி கொடுக்க நினைத்தார். அழுக்கு நல்லாப் போகட்டுமே என்று வெந்நீர் பட்டனை வேறு அமுக்கிவிட்டார். அதிர்ச்சி கிடைத்தது. இன்பம்தான் மிஸ்ஸிங்.

ஆயா அதைக் கையில் வாங்கினார். இழுத்துப் பார்த்தார். சணல் சாக்கு மாதிரி விறைத்து நின்றது.

"ஏன்டா... உங்க தாத்தா பிரான்ஸ்லேருந்து போட்டுக்கிட்டு வந்தது. நாப்பது வருஷம் பெட்டியில இருந்துச்சு, ஒண்ணும் ஆவல. நீ ஒரே மணியில முடிச்சிட்டியே!"

"துணி சரியில்ல ஆயா..."

"துணி சரியாத்தான் இருந்துச்சு. மிச்சம் அந்தக் கோட்டு ஒண்ணுதான் இருக்கு. அதுல கைய வெச்சே... அப்புறம் பாத்துக்க!"

கை வைக்காமலும் இருக்க முடியாது. அது ஜூன் மாத முதல் வாரம். ஜூலை 14-க்கு அந்தக் கோட்டு வெளியே வந்தாக வேண்டும். வராமல் போனால் ஆயா சாப்பிட மாட்டார். தகவல் தெரிந்து நான் போனபோது, நண்பர் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வெடிகுண்டைப் பார்ப்பது மாதிரி கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுத்துப் பட்டையில் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சை. முதுகில் குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு ஓட்டை. கூடவே, பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் தூக்கி அடித்த பாச்சை உருண்டை நாற்றம்.

சொல்தா வீட்டுக் கோட்டு

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவரை இந்த ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகப் போய் உயிர்விட்ட பிரெஞ்சிந்தியர்களுக்குக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரில் நினைவுச் சின்னம் இருக்கிறது; 1938-ல் திறந்தது. அதற்குப் பின்னாலும் இந்த ஊர்ப் பிள்ளைகள் இந்தோ-சீனா, அல்ஜீரியா என்று போய்க்கொண்டே இருந்தார்கள். 1954-ல் ஆட்சி கை மாறி, 1962-ல் ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் பல இன்றும் இங்கே இருக்கின்றன.

ஆண்டுதோறும் ஜூலை 14, பிரெஞ்சு தேசிய தினத்தன்று, முன்னாள் ராணுவத்தினர் நெஞ்சில் மெடல் தொங்க அந்த நினைவுச் சின்னத்துக்குப் போய் மலர்வளையம் வைப்பார்கள். நவம்பர் 11-ம் தேதி, முதல் உலகப் போர் முடிந்த நாள், மறுபடி ஒரு மரியாதை. நம் தாத்தாவும் போவார். ஓய்வு பெற்றுத் திரும்பியபோது கொண்டு வந்த கருநீலக் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டுதான் போவார்.

புதுச்சேரியில்! ஜூலையில்! கம்பளிக் கோட்டு!

"வேர்க்காதா ஆயா?" என்றேன்.

"வேர்க்காம? சொட்டச் சொட்ட வந்து நிப்பாரு. ஆனா வழியில ஒரு பட்டனைக் கழட்ட மாட்டாரே மனுஷன்!"

இந்தக் கோட்டின் கஷ்டம் இப்போது புரிகிறதா? வருஷத்துக்கு இரண்டே நாள்தான் வெளியுலக வாசம். ஒரு நாள் ஜூலை வெயிலில் வியர்வைக் குளியல். இன்னொரு நாள் ஐப்பசி மழை ஈரம். மிச்ச 363 நாளும் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், உப்புக் காற்றில், மூடிய பெட்டிக்குள். தாத்தா இருந்த வரை வீட்டுக்கு வந்த கையோடு காயப்போட்டு, பிரஷ் போட்டு வைத்திருந்தார். அவர் போய் மூன்று வருஷம் பெட்டியை யாருமே திறக்கவில்லை.

வெள்ளாவி வைத்த ஊர்

நண்பரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. நம் ஊர்க்காரன் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பான். காரணம், நமக்குத் தெரிந்தது பருத்தி. ஆலைச் சங்கு ஊதி விடிந்த ஊர் புதுச்சேரி. 1898-ல் தொடங்கிய ரோடியர் மில், அதாவது ஏ.எஃப்.டி., 2020-ல்தான் மூடியது. நமது சலவை சாஸ்திரம் முழுக்கப் பருத்திக்காக எழுதியது. உவர்மண் போடு, சோடா போடு, வெள்ளாவி வை, கல்லில் அடி, வெயிலில் காயப்போடு. பருத்தி இத்தனையையும் தாங்கிக்கொண்டு வெள்ளையாகச் சிரிக்கும். ஏனென்றால் அது செடியில் விளைந்த நார்.

கம்பளி அப்படி இல்லை சார். அது ஆட்டு முடி. உங்கள் தலையில் இருப்பதும் ஆட்டு முதுகில் இருப்பதும் ஒரே சரக்குதான். கெரட்டின் என்கிற புரதம். (மேனேஜர் உங்களை ஆடு என்று திட்டினால், விஞ்ஞான ரீதியாக அவர் பாதி சரி!) உங்கள் தலைமுடியைச் சோடா உப்பில் ஊறவைத்து, வெந்நீரில் போட்டு, கல்லில் அடிப்பீர்களா? மாட்டீர்கள் அல்லவா? கம்பளியைக் காப்பாற்றுகிற பாதி சூட்சுமம் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

சரி, ஸ்வெட்டர் ஏன் சுருங்கியது? குருசுக்குப்பத்தில் அதை விளக்க மீனே போதும். மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் கையைப் பிடிக்கும். கம்பளி இழை ஒவ்வொன்றின் மேலும் அதே மாதிரி கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடு, ஈரம், சோப்பு மூன்றும் சேர்ந்தால் செதில்கள் விரியும். மேலே மெஷின் போட்டுக் கடைந்தால் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று நகர்ந்து, செதிலோடு செதில் கொக்கி மாட்டிக்கொள்ளும். நகர்ந்தது நகர்ந்ததுதான். திரும்பாது. இஸ்திரி போட்டாலும், இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து இழுத்தாலும் பழைய தாத்தா வரமாட்டார்.

இன்னொரு வில்லன், சலவைத் தூளில் சேர்க்கிற ‘என்ஸைம்’. ரத்தக்கறை, முட்டைக்கறை போன்ற புரதக் கறைகளைத் தின்று தீர்ப்பதற்காக அதைப் போடுகிறார்கள். கம்பளியே புரதம்தானே? திருடனைப் பிடிக்க வந்த போலீஸ் வீட்டுக்காரனையும் சேர்த்து ஜீப்பில் ஏற்றுவது மாதிரி, கறையோடு துணியையும் அரித்துவிடும். பிளீச்சிங் திரவம் இன்னும் மோசம், கம்பளியைக் கரைத்தேவிடும்.

"அப்ப எதுலதான் தொவைக்கிறது?" என்றார் நண்பர்.

கோட்டைத் தண்ணீரில் போடவே கூடாது. உள்ளே காலருக்கும் நெஞ்சுக்கும் கொடுத்திருக்கிற கான்வாஸ் ஒரு அளவு, மேல்துணி ஒரு அளவு என்று சுருங்கி, கோட்டு முறுக்கிக்கொள்ளும். ஸ்வெட்டர், சால்வை, மப்ளர் மட்டும் கையால் அலசலாம். கை பொறுக்கும் சூடுகூட வேண்டாம், பச்சைத் தண்ணீரே போதும். கொஞ்சம் மிதமான ஷாம்பு. அல்லது நம் பாட்டிமார் பட்டுப் புடவைக்குப் போட்ட பூந்திக்கொட்டைத் தண்ணீர். வெளிர் நிறத் துணி என்றால் அது பழுப்பேற்றிவிடும், ஜாக்கிரதை. தேய்க்காமல், பிழியாமல், அமுக்கி அமுக்கி அலச வேண்டும். ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றிவிட்டு, நிழலில் படுக்கைவாட்டில் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் முழங்கால் வரை நீளும். எல்.கே.ஜி. ஸ்வெட்டருக்கு நேர் எதிர்!

எட்டு கஜ பாவாடை

கம்பளியை எப்படி வைத்துக்கொள்வது என்று ஸ்காட்லாந்துக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். டெல்லியில் ஜனவரி 29 அன்று படை திரும்பும் விழாவில் பைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேக்பைப் ஊதுவார்களே, பார்த்திருப்பீர்கள். அந்த வாத்தியத்துக்குப் பேர்போன ஊரில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடைதான் ‘கில்ட்’. சிரிக்காதீர்கள். மடிசாருக்கு ஒன்பது கஜம் என்றால், முழு அளவு கில்ட்டுக்கு எட்டு கஜம், கிட்டத்தட்ட ஏழேகால் மீட்டர். முன்பக்கம் தட்டையாக இருக்கும். அத்தனை துணியும் பின்பக்கம் அடுக்கடுக்கான மடிப்பாகப் போய்விடும்.

முதல் உலகப் போரில் ஸ்காட்லாந்துப் படைகள் இந்தக் கில்ட்டோடுதான் பிரான்ஸின் பதுங்கு குழிகளில் கிடந்தன. சேறு படாமலும் எதிரி கண்ணில் படாமலும் இருக்க மேலே ஒரு காக்கி ஏப்ரன். மடிப்புக்குள்ளே பேன்! ராணுவ உடுப்பின் தையல் ஓரமாக மெழுகுவத்தியைக் காட்டி அவற்றைப் பொரித்தார்கள். நம் சொல்தாக்களும் போனது அதே போருக்குத்தான். பக்கத்துக் குழிகளில் பிரெஞ்சுக்காரர்களின் கம்பளிச் சீருடைக்கும் அதே சேறு, அதே பேன்.

அப்படிப்பட்ட உடுப்பை அப்பாவிடமிருந்து மகன் வாங்கிக் கட்டுகிறான் என்றால் எப்படி? ரகசியம் ரொம்பச் சின்னது. அவர்கள் அதை அபூர்வமாகத்தான் துவைக்கிறார்கள். கட்டி முடித்ததும் நேரே அலமாரிக்குள் திணிப்பதில்லை. இடுப்புப் பட்டையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுக் காற்றாட விடுவார்கள். காய்ந்த சேற்றைப் பிரஷ்ஷால் தட்டுவார்கள். கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் ஒற்றுவார்கள். சலவைக்குப் போட்டே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் ஒவ்வொரு மடிப்பையும் நூல் ஓட்டிக் கட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் எட்டு கஜமும் பிரிந்து, மறுபடி மடிப்பு வைக்க ஒரு நாள் போய்விடும்.

இதைக் கேட்டதும் ஆயா முகத்தில் ஒரு வெளிச்சம்.

"எங்க வூட்டு மனுஷனும் அதேதான் பண்ணுவாரு. வந்ததும் ஜன்னல்கிட்ட மாட்டிடுவாரு. ராத்திரி பூரா தொங்கும். காலைல பிரஷ் எடுத்து மேலேருந்து கீழ, மேலேருந்து கீழ... பல்லு வெளக்கற மாதிரி. நான் சிரிப்பேன்."

தாத்தா எந்தப் புத்தகத்தையும் படித்திருக்க மாட்டார். படையில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அல்லது குளிரில் ஒரே கோட்டோடு வாழ்ந்தவனுக்குத் தானாக வந்த பழக்கமாக இருக்கும்.

ஐஸ் பெட்டியில் அஞ்ஞாதவாசம்

இப்போது அந்த இரண்டு ஓட்டை. செய்தது யார்? பறக்கிற பூச்சி இல்லை. பீரோவைத் திறந்தால் வெளிச்சத்தைக் கண்டு இருட்டுக்கு ஓடும் பொன்னிற அந்துப்பூச்சிக்குத் தின்னவே வாய் கிடையாது. அது முட்டை மட்டும் போட்டுவிட்டுப் போகும். அதிலிருந்து வரும் புழுதான் கம்பளி விருந்து சாப்பிடும். அதிலும் வெறும் கம்பளியைவிட, வியர்வையும் குழம்புக் கறையும் பட்ட கம்பளி என்றால் கொள்ளைப் பிரியம். ஊறுகாய் வைத்த இலை!

முதல் வேலையாகக் கோட்டை மொட்டை மாடிக்குக் கொண்டு போனோம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு காலர் பூஞ்சையைப் பிரஷ்ஷால் தட்டினோம். பையைப் புரட்டி, காலரைத் தூக்கி, தையல் ஓரமெல்லாம் பிரஷ். காலை வெயிலில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். நாள் முழுக்கப் போட்டால் சாயம் வெளுக்கும்.

கண்ணுக்குத் தெரியாத முட்டைகளை என்ன செய்வது? மியூசியங்களில் கம்பளித் துணியை உறையவைத்துப் புழுவைக் கொல்வார்கள். கோட்டை பாலிதீன் பைக்குள் வைத்து, காற்றை அமுக்கி எடுத்து, வாயைக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீஸரில் ஆறடி மனிதரின் கோட்டு எங்கே நுழையும்? அங்கே ஏற்கெனவே ஆயாவின் வஞ்சிரம் குடியிருக்கிறது.

தெருமுனையில் ஐஸ்கிரீம் விற்கிற பெட்டிக்கடைக்காரரிடம் ஒரு பழைய டீப் ஃப்ரீஸர் இருந்தது. விஷயத்தைச் சொன்னோம். மேலும் கீழும் பார்த்தார்.

"கோட்டையா? ஐஸ்லயா? ஏன் சார், உள்ள ஆளு யாரும் இல்லியே?"

இல்லை என்று சத்தியம் செய்தபிறகு அடித்தட்டில் இடம் கொடுத்தார். இரண்டு வாரம் தாத்தாவின் கோட்டு கப் ஐஸுக்கும் சாக்கோபாருக்கும் கீழே அஞ்ஞாதவாசம் இருந்தது. வெளியே எடுத்ததும் உடனே பையைப் பிரிக்கக் கூடாது; வெளிச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விட வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர்க் காற்றின் ஈரமெல்லாம் குளிர்ந்த துணியில் வேர்த்துவிடும்.

பிறகு டிரை கிளீனிங். பழைய நாளில் லாண்டரி போர்டுகளில் ‘பெட்ரோல் வாஷ்’ என்று போட்டிருப்பார்களே, அதன் வாரிசு. தண்ணீருக்குப் பதில் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் திரவம். இதுவும் பிரெஞ்சுச் சரக்குதான் என்று ஒரு கதை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ழோலி என்பவர் வீட்டு மேஜை விரிப்பில் விளக்கு எண்ணெய் கொட்டிவிட்டதாம். காய்ந்து பார்த்தால் கொட்டிய இடம் மட்டும் பளிச்சென்று இருந்ததாம். கடையில் கோட்டை நீட்டும்போது "பூஞ்சை இங்கே, வியர்வைக் கறை அங்கே" என்று விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் வந்தோம். சொல்லாவிட்டால் அவர்களுக்கு நூற்றில் ஒரு கோட்டு அது.

கடைசியில் டெய்லர். எழுபது வயசுப் பெரியவர். கோட்டின் உள் மடிப்பைப் பிரித்து, அங்கிருந்தே நாலு இழை உருவி, ஊசியில் கோத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி ஓட்டையை அடைத்தார். அதே துணி, அதே சாயம். "வெளி நூல் போட்டா காட்டிக் கொடுத்துரும் தம்பி. அதது வீட்டு நூல்தான் அததுக்கு ஒட்டும்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார்.

உங்க சூட்டு எங்கே சார்?

"நம்ம வீட்டுல சொல்தா யாரும் இல்லையே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ரிசப்ஷனுக்குத் தைத்த கோட்டு-சூட்டு உங்கள் பீரோவில் எந்த மூலையில் கிடக்கிறது? அதே கதைதான் அங்கேயும் நடந்துகொண்டிருக்கும். ஆகவே சில டிப்ஸ்:

* அது கம்பளிதானா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உள்தையலில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் வாசனையும், நசுக்கினால் பொடியாகும் சாம்பலும் வந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் பாலியெஸ்டர். இரண்டும் கலந்து வந்தால் டெர்ரிவுல்.

* லேபிளில் தண்ணீர்த் தொட்டிப் படத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீர் ஆகாது. வெறும் வட்டம் இருந்தால் டிரை கிளீனிங்.

* பிரியாணி எண்ணெய் பட்டால் தேய்க்காதீர்கள். ஒற்றி எடுத்து, முகப்பவுடர் தூவி, சில மணி நேரம் கழித்துப் பிரஷ்ஷால் தட்டுங்கள்.

* இஸ்திரிப் பெட்டி நேராகப் பட்டால் கம்பளி எண்ணெய் தடவிய மாதிரி மின்னும். ஈர வேட்டித் துண்டை மேலே போட்டு மிதமான சூட்டில் அழுத்துங்கள். லேசான சுருக்கம் என்றால், கதவைச் சாத்திய பாத்ரூமில் வெந்நீர் பக்கெட்டின் ஆவியில் தொங்கவிட்டாலே போகும்.

* அழுக்கோடு பீரோவில் வைக்காதீர்கள். லாண்டரிக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் உறையையும் கழற்றிவிடுங்கள். கம்பளி, தொட்டால் ஈரம் தெரியாமலே தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உறை அதை உள்ளேயே சிறைவைக்கும். பழைய பருத்தி வேட்டியில் ஓர் உறை தைத்தால் போதும்.

* பாச்சை உருண்டையை அளவு பார்க்காமல் அள்ளிப் போடாதீர்கள். அதன் ஆவி கைக்குழந்தைகளுக்கும், ‘ஜி6பிடி’ குறைபாடு உள்ளவர்களுக்கும் ஆபத்து. காய்ந்த வேப்பிலை, வசம்பு வைக்கலாம். ஆனால் அவை காவல்காரர்கள் மட்டும்தான், கொலைகாரர்கள் இல்லை. மாதம் ஒரு முறை நீங்களே எடுத்து உதறிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழைவிட்ட நாளாகப் பார்த்து.

கத்தோர்ஸ் ஜுய்யே

ஜூலை 14 வந்தது. நண்பர் தாத்தாவின் கோட்டை மாட்டிக்கொண்டார். தோள்பட்டை இரண்டு விரல் பெரிசு. மெடல்களைக் குத்திக்கொள்ளவில்லை, அது தாத்தா சம்பாதித்தது. ஆயா மெடல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் கூட வந்தார்.

நினைவுச் சின்னத்துக்கு எதிரே கூட்டத்தில் நின்றோம். இரண்டு நாட்டுக் கொடிகள். முன்வரிசையில் முன்னாள் ராணுவத்தினர். வரிசை வருஷத்துக்கு வருஷம் சுருங்குகிறது என்றார் ஆயா. இந்தச் சுருக்கத்துக்கு வெந்நீர் காரணமில்லை. அதைத் தடுக்க ஷாம்பும் பூந்திக்கொட்டையும் கிடையாது.

அந்த வரிசையில் ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஆளைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தார். பிறகு ஆயாவைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். ஆயாவும் ஆட்டினார். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

வீட்டுக்கு வந்ததும் நண்பர் வியர்த்து வழிய, கோட்டைக் கழற்றிக் கட்டில் மேல் வீசப் போனார்.

"டேய்!"

அந்தக் குரலில் ஒரு பட்டாளமே இருந்தது.

"ஜன்னல்கிட்ட மாட்டு. ராத்திரி பூரா காத்தாடட்டும். காலைல பிரஷ் எடுத்து..."

"மேலேருந்து கீழ, மேலேருந்து கீழ. தெரியும் ஆயா."

மாட்டினார். கடற்காற்றில் கோட்டின் கை லேசாக ஆடியது. ஆயா நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.